என்ஜினில் மாற்றம் செய்தும் மைலேஜ் ஏறவில்லையா? ஓபிடி ஸ்கேனர் எதைக் காட்டும், எதைக் காட்டாது

ஏர் இன்டேக் மாற்றியாயிற்று, ஹெடர் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலான குழாய்) போட்டாயிற்று, ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப்பும் முடிந்தது. வண்டி நன்றாக இழுக்கிறது. மைலேஜ் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது, அல்லது இறங்கியே விட்டது. இந்தக் கட்டத்தில் பலரும் அடுத்த பாகத்தைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஈஎல்எம்327 வகை ஓபிடி2 அடாப்டர் ஒன்று. ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினால், என்ஜினின் நேரடித் தரவைக் கைப்பேசியில் காட்டும். செலவைவிடப் பல மடங்கு பயன் தரும் கருவி இது. ஆனால் வாங்கியவுடன் எல்லோரும் ஆசையாகத் திறந்து பார்க்கும் மைலேஜ் மீட்டர்தான் இதில் கொஞ்சமும் நம்ப முடியாத பக்கம். அதை மூடிவிட்டு ஃபியூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற திருத்தக் கணக்கு) பக்கத்தைத் திறப்பவருக்கே இது உதவும்.

வாங்கும்போது

ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அதன் முதல் பதிப்புக்கு நகல் பாதுகாப்பு இல்லாததால் போலிகள் பெருகின. இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை போலிகளே. போலி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. இங்கே பேசப்போகும் வேலைக்குப் பல போலிகள் போதும். பெட்டியில் "பதிப்பு 1.5" என்று அச்சிட்டிருந்தால் அது போலி என்பது உறுதி, ஏனென்றால் அசல் நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. "2.1" என்று போட்டு வருபவற்றில் சில, கட்டளைகளில் பாதியைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பை அறுத்துவிடும். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குவது நல்லது.

சாதாரண ப்ளூடூத் அடாப்டர் ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே ஒத்துவரும். ஐஃபோன் என்றால் ப்ளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை வகை வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு "கருவி வேலை செய்யவில்லை" என்று எழுதப்படும் மதிப்புரைகள் ஏராளம்.

வேகம்தான் உண்மையான வேறுபாடு. மலிவான அடாப்டர் நொடிக்கு ஐந்து முதல் பத்து அளவீடுகளைத்தான் கொண்டுவரும். திரையில் பன்னிரண்டு மீட்டர்களை அடுக்கினால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்படாது. நான்கு போதும்: குறுகிய கால ட்ரிம் (அந்தக் கணத்துத் திருத்தம்), நீண்ட கால ட்ரிம் (ஈசியு கற்றுக்கொண்டு வைத்திருக்கும் திருத்தம்), ஆர்பிஎம், என்ஜின் லோடு. வேறு சோதனைக்குப் போகும்போது வேறு நான்கை வைத்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ் மீட்டரை ஏன் நம்பக்கூடாது

பெரும்பாலான கார்களில் பெட்ரோல் எவ்வளவு போகிறது என்பதை ஆப் நேரடியாக அளப்பதில்லை. மாஃப் சென்சார் சொல்லும் காற்றின் அளவிலிருந்து கணக்குப் போடுகிறது. 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 12 கிராம் காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தில் அது நொடிக்கு 0.816 கிராம் பெட்ரோல். மணிக்கு 2,939 கிராம். லிட்டருக்கு 745 கிராம் என்று வகுத்தால் மணிக்கு 3.94 லிட்டர், அதாவது லிட்டருக்கு 20.3 கி.மீ.

இப்போது இன்டேக் குழாயை மாற்றுகிறோம். மாஃப் சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உள்விட்டம் 63 மி.மீ.யாக இருந்தது, புதிய குழாயில் 66 மி.மீ. மூன்று மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 10 சதவீதம் கூடிவிட்டது. அதே காற்று அகலமான வழியில் மெதுவாகப் போகிறது; சென்சாரின் சூடான கம்பி குறைவாகக் குளிர்கிறது; காற்று குறைவு என்று ஈசியுவிடம் சொல்கிறது. 12 கிராம் போகும்போது 10.9 என்று வாசிக்கிறது. ஆப் உடனே லிட்டருக்கு 22.3 கி.மீ. என்று காட்டும். வண்டி குடிப்பது பழைய அளவுதான். எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கலவை நீர்த்திருப்பதைக் கண்டுபிடித்து, குறைந்த பெட்ரோலை ஈசியு மூலம் திரும்பக் கூட்டியிருக்கும். அந்தத் திருத்தம் நீண்ட கால ட்ரிமில் +10 சதவீதம் என்று பதிவாகியிருக்கும். இன்டேக் போட்டதும் மீட்டரில் மைலேஜ் ஏறியது, பெட்ரோல் பங்கில் ஏறவில்லை என்ற குழப்பத்துக்கு மிகப் பொதுவான விளக்கம் இதுதான்.

மாஃப் இல்லாமல், இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து ஓடும் கார்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஆப், நீங்கள் அமைப்பில் உள்ளிட்ட வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் காற்றால் எவ்வளவு நிறைகிறது) என்ற ஊக எண்ணை வைத்துக் கணக்கிடுகிறது. கேம்ஷாஃப்டையோ ஹெடரையோ மாற்றியதும் அந்த எண்ணே மாறிவிடும். பெரிய இன்ஜெக்டர் போட்டு அதன் அளவைச் சரியாக ஈசியுவில் பதியாவிட்டால் டேஷ்போர்டில் உள்ள கம்பெனி மீட்டரும் தவறாகத்தான் காட்டும்.

ஆகவே மைலேஜுக்குப் பழைய டேங்க் முறையே அளவுகோல். அதே பங்க், அதே பம்ப், முதல் தடவை தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்துவது, குறைந்தது மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுப்பது. 35 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடக்குறையப் போனாலே விடையில் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஆடும். அதனால் ஒரு டேங்கை வைத்து 2 சதவீதம் ஏறியது, இறங்கியது என்று பேசுவதில் பொருளில்லை.

என்ஜினோடு சேர்த்து டயரையும் மாற்றியிருந்தால் முதலில் அதைக் கணக்கில் எடுங்கள். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. 195/60 ஆர்16க்கு 640 மி.மீ. 3 சதவீதம் பெரிது. நீங்கள் 103 கி.மீ. ஓடினால் ஓடோமீட்டர் 100 என்றுதான் எண்ணும். காணாமல் போன மைலேஜில் 3 சதவீதம் அந்த எண்ணிக்கையில் விடுபட்டதுதான், என்ஜினுக்கு அதில் பங்கில்லை.

ட்ரிம்: இந்தக் கருவியை வாங்குவதற்கான காரணம்

என்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். ஐடிலில் ஒரு நிமிடம், நின்றபடியே 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம், பிறகு நான்காம் கியரில் மெல்லிய ஏற்றத்தில் லோடு 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி அரை நிமிடம். மூன்று இடங்களிலும் இரண்டு ட்ரிம்களையும் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்க வேண்டாம். பல ஆப்களில் பதிவு வசதி உண்டு, வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

கூட்டுத்தொகை மூன்று இடத்திலும் ±5க்குள் இருந்தால் பெட்ரோல் கலவையில் குறை இல்லை. 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். 25ஐ நெருங்கினால் செக் என்ஜின் விளக்கு தானாகவே எரியும்: நீர்த்த கலவைக்குப் பி0171, செறிந்த கலவைக்குப் பி0172. விளக்கு எரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். +12இல் மாதக்கணக்கில் ஓடும் வண்டிக்கு எந்த விளக்கும் எரியாது.

எண்ணைவிட அது மூன்று இடங்களிலும் எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். ஐடிலில் +15, 2,500இல் +4, ஏற்றத்தில் +1 என்றால் வேக்யூம் லீக், அதாவது மாஃப் அளக்காத காற்று ஓட்டை வழியே உள்ளே நுழைகிறது. ஐடிலில் உள்ளே போகும் காற்று குறைவு என்பதால் சிறு ஓட்டையும் பெரிய பங்காகத் தெரிகிறது. காற்று கூடக்கூட அதன் பங்கு கரைந்துவிடுகிறது. மாற்றம் செய்த வண்டிகளில் ஓட்டை இருக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: இன்டேக் குழாயில் சொருகிய பிசிவி (கிராங்க்கேஸ் காற்றோட்ட) ஹோஸ், கிளாம்ப் சரியாக இறுக்காத சிலிகான் இணைப்பு, திரும்பப் பயன்படுத்திய பழைய மேனிஃபோல்ட் கேஸ்கட். இன்டேக்குக்குள் புகையைச் செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்வதே சிறந்த வழி. கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சூடான ஹெடருக்குப் பக்கத்தில் தீ விபத்தில் முடியலாம். மேப் சென்சார் வண்டிகளில் இந்த ஓட்டை ட்ரிமில் பெரிதாகத் தெரியாது. ஐடில் ஆர்பிஎம் ஏறி நிற்பதாகத்தான் தெரியும்.

தலைகீழாக, ஐடிலில் +3, ஏற்றத்தில் +14 என்று ஏறிக்கொண்டே போனால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, மாஃப் குறைவாக வாசிக்கிறது: குழாயின் விட்டம் காரணமாகவோ, எண்ணெய் பூசிய ஃபில்டரிலிருந்து பறந்த எண்ணெய் கம்பியில் படிந்தோ. மற்றொன்று, ஃபியூயல் பம்ப் அழுத்தம் போதவில்லை. மாஃப் கிளீனரால் சென்சாரைக் கழுவி, நன்கு உலர்ந்த பிறகு மாட்டி மறுபடி அளவிடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அந்தக் கம்பியைக் கெடுத்துவிடும். ட்ரிம் இறங்கினால் எண்ணெய்தான் காரணம். இறங்காவிட்டால் பழைய ஏர்பாக்ஸை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாகிவிட்டால் குற்றவாளி புதிய குழாய். ரீமேப் செய்தவரிடம் மாஃப் அளவீட்டு அட்டவணையை அந்தக் குழாய்க்கு ஏற்பத் திருத்தச் சொல்ல வேண்டும். பழைய ஏர்பாக்ஸிலும் மாறவில்லையென்றால் ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது, அதுதான் மைலேஜை உண்மையிலேயே கொல்வது. ட்ரிம் +10, +15 என்று நிற்கிறது, ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கருப்பாகக் கரி. நீர்த்த கலவை என்று ஸ்கேனர் சொல்கிறது, செறிந்த கலவை என்று பிளக் சொல்கிறது. பிளக் சொல்வதே சரி. ஹெடர் கேஸ்கட்டிலோ வெல்டிங்கிலோ ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருக்கிறது. எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு இடையே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் கணத்தில், அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று அறிவிக்கிறது. ஈசியு தேவையில்லாமல் கூட்டிக்கொண்டே போகிறது. இதுவும் ஐடிலில் அதிகமாகவும் ஏற்றத்தில் குறைவாகவும் தெரியும் என்பதால் வேக்யூம் லீக் என்று எண்ணி இன்டேக் பக்கமே தேடிக்கொண்டிருப்பார்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் ஹெடர் பக்கம் "டிக் டிக்" என்ற சத்தம், சூடானதும் மறைவது, இதற்கு அடையாளம். உறுதிப்படுத்த, என்ஜின் குளிர்ந்து அணைந்திருக்கும்போது வேக்யூம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் பொருத்தி, ஹெடர் இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடம் கசிவு.

எதிர்மறைப் பக்கம் எளிது. எங்கும் −10க்குக் கீழே இருந்தால் பெட்ரோல் தேவைக்கு அதிகமாக வருகிறது: கசியும் இன்ஜெக்டர், அதிக அழுத்தம், அல்லது மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வ் (டேங்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்குள் விடும் வால்வ்). பர்ஜ் ஹோஸை ஒரு நிமிடம் கிள்ளிப் பிடித்தால் ட்ரிம் திரும்புகிறதா என்று தெரிந்துவிடும். பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களுக்கு ஐடிலில் மட்டும் பிழை பெரிதாக இருந்தால், இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம் ஈசியுவில் தவறாகப் பதிவாகியிருக்கிறது. ஐடிலில் மொத்தத் திறப்பே இரண்டு மூன்று மில்லிநொடிதான். அதில் சிறு பிழையும் பெரிய சதவீதம்.

ட்ரிம் சரி, மைலேஜ் மட்டும் இல்லை என்றால்

ஃபியூயல் சிஸ்டம் ஸ்டேட்டஸ் என்ற வரியைப் பாருங்கள். சூடான என்ஜினில், சீரான வேகத்தில், அது "க்ளோஸ்டு லூப்" என்று இருக்க வேண்டும். "ஓபன் லூப்" என்று நின்றால் ட்ரிம் எண்களுக்கே பொருளில்லை. ஈசியு ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதையே நிறுத்தியிருக்கிறது. வெப்பநிலை போதாதது ஒரு காரணம். குளிர்ச்சியாக ஓடட்டும் என்று 71 டிகிரி தெர்மோஸ்டாட் போடுவது, தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுவது, இரண்டும் மைலேஜுக்கு எதிரி. கூலன்ட் ஊருக்குள் 85ஐத் தொட்டு, நெடுஞ்சாலையில் 70க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. கம்பெனி அளவுள்ளதையே திரும்பப் போடுங்கள்.

அடுத்தது ரீமேப் செய்த வண்டிகளுக்கு மட்டும். கியரில் இருக்கும்போதே 3,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் விடுங்கள். நல்ல ஈசியு இரண்டொரு நொடிக்குள் பெட்ரோலை அடியோடு நிறுத்தும்; நேரோபேண்ட் (சாதாரண) ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்குக் கீழே போகும். சைலன்சரில் வெடிச்சத்தம் வரும்படி மேப் எழுதியிருந்தால் இந்த நிறுத்தத்தைத் தாமதப்படுத்தியோ நீக்கியோ இருப்பார்கள். சென்சார் 0.7க்கு மேலேயே நிற்கும். நகரத்தில் ஒவ்வொரு சிக்னலுக்கும் முன்னால் வீணாகும் பெட்ரோல் அது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் அது எரிக்கும். மைலேஜும் வேண்டும், வெடிச்சத்தமும் வேண்டும் என்று கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும்.

இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) பாருங்கள். சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தில் பல பெட்ரோல் என்ஜின்கள் 25 முதல் 40 டிகிரி வரை அட்வான்ஸ் காட்டும். மாற்றத்துக்கு முன் எடுத்த பதிவு இருந்தால் அதோடு ஒப்பிடுவதே சரி. 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றினாலோ, கம்ப்ரஷன் ஏற்றிய என்ஜினில் திறந்த ஃபில்டர் பானெட்டின் வெப்பக் காற்றை இழுத்தாலோ நாக் (சிலிண்டருக்குள் கட்டுப்பாடில்லாத வெடிப்பு) ஏற்படுவதை நாக் சென்சார் உணர்ந்து, ஈசியு டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். அதே சக்திக்கு ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்க வேண்டிவரும். நாக் எவ்வளவு என்பதை நேரடியாகக் காட்டும் வரி பொது ஓபிடி2இல் இல்லை, டைமிங்கிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் ஏறவில்லை என்றால், போட்ட பாகத்திடம் கொடுக்க ஒன்றுமில்லை. மேப் சென்சாரின் அளவைப் பாருங்கள்: சீரான வேகத்தில் 40 கிலோபாஸ்கல் இருக்கும், வெளியே 100. மீதி 60ஐத் தடுத்து நிறுத்தியிருப்பது உங்கள் கால் இயக்கும் த்ராட்டில் வால்வ். ஃபில்டரில் ஒன்றிரண்டு கிலோபாஸ்கல் மிச்சமானால் அதே வேகத்துக்கு த்ராட்டிலை இன்னும் சற்று மூடுவீர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்விலும், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டரை அடைத்துப் பார்த்தபோது மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. இரிடியம் பிளக் தேய்ந்த பிளக்கின் இழப்பைத் திருப்பித் தரும். நல்ல பிளக்கைவிட மேலே தராது. கம்ப்ரஷனை 9லிருந்து 10க்கு உயர்த்துவது உண்மையான ஆதாயம். ஆனால் அதுவும் கணக்குப்படி ஏறத்தாழ 3 சதவீதம்தான், ஒரு டேங்க் அளவீட்டின் பிழைக்குள் மறைந்துவிடும்.

கருவியின் குறைகள்

அடாப்டரைச் செருகியே விட்டுவிடாதீர்கள். அந்தச் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி இல்லாதபோதும் பேட்டரி மின்சாரம் உண்டு. 40 மில்லிஆம்பியர் இழுக்கும் அடாப்டர் ஒரு வாரத்தில் 6.7 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். மலிவானவற்றில் ப்ளூடூத் கடவு எண் 1234 என்றே இருப்பதும் இன்னொரு காரணம்.

டீசல் வண்டிக்கு இந்த மதிப்புரை பாதிதான் பொருந்தும். டீசலில் இதே பொருளில் ட்ரிம் கிடையாது. கூலன்ட் வெப்பநிலை, மாஃப், பூஸ்ட் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கலாம். டிபிஎஃப் (டீசல் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்திகரிப்பு அடிக்கடி நடக்கிறதா என்பது மைலேஜில் நேரடியாகத் தெரியும், ஆனால் அதைக் காட்ட அந்தந்தக் கம்பெனிக்கான ஆப் வேண்டும்.

முழு ஆக்சிலரேட்டரில் கலவை எப்படி இருக்கிறது என்பதையும் இது சொல்லாது. அங்கே ஈசியு ஓபன் லூப்பில் இருக்கும், நேரோபேண்ட் சென்சாருக்குச் செறிவு என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. டர்போ போட்டவர்களும் இன்ஜெக்டர் மாற்றியவர்களும் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் கொண்ட வைட்பேண்ட் கேஜ் ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், நுனி கீழ்நோக்கி, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். இல்லையெனில் தேங்கும் நீர் சூடான சென்சாரை உடைக்கும். மின்சாரம் கொடுக்காமல் எக்ஸாஸ்ட்டில் விட்டு ஓட்டினால் கரி படிந்து கெட்டுவிடும்.

ஆப்பில் உள்ள "கோடுகளை அழி" பொத்தானைத் தொடும் முன் எல்லாத் திரைகளையும் படம் எடுத்து வையுங்கள். அது பிழைக் குறியீட்டோடு கற்றுக்கொண்ட ட்ரிம்களையும், சில நாடுகளில் மாசுச் சோதனைக்குத் தேவைப்படும் சுயபரிசோதனை நிலைகளையும் சேர்த்து அழித்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதேதான் நடக்கும். அதன் பிறகு நகரம், நெடுஞ்சாலை என்று பல பயணங்கள் ஓடிய பின்பே நீண்ட கால ட்ரிம் ஓரிடத்தில் நிற்கும். அதற்கு முன் எடுத்த மைலேஜ் கணக்கு எதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.